அர்த்தியோம் தண்ணீரில் இருக்கும்வரை

1

இந்த நவம்பரில் றெஜினா பக்கத்து வீட்டுக்கு மூன்று ரோஜாப்பூ வாங்கினாள். முந்தியெல்லாம் இரண்டுதான் வாங்குவாள். இரண்டு எப்படி மூன்றானது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். ஊரிலிருந்து பேசுகிறவர்கள் "அங்கை என்ன புதினம்?" என்று கேட்டால், குளிர் என்று சொல்லி முடித்துவிடுவது என் வழக்கம். குளிர் என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

றெஜினா என் மனைவி. பாரிஸுக்கு வெளியே, பியர்ஃபித்தில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் நான்காம் மாடியில் இரண்டே இரண்டு கதவுகள். ஒன்று எங்களுடையது, மற்றது லுத்மிலாவுடையது. லுத்மிலா ரஷ்யாக்காரி. வொல்கா ஆற்றங்கரையில் ஒரு நகரம். அதன் பெயரை நான் திருப்பிச் சொன்னால் சிரிப்பார். அங்கே நகரசபை நீச்சல் குளத்தில் நுழைவுச்சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர், இங்கே கந்தோர் ஒன்றில் விடியற்காலைத் துப்புரவு வேலை செய்கிறார். அவருடைய பிரெஞ்சும் எங்களுடைய பிரெஞ்சும் ஒரே வகுப்பில் பெயிலானவை. அதனாலேயே நன்றாக ஒத்துப்போனோம்.

நான் பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில், ஃபொபூர் சேன்-தெனி வீதியின் மேல்முனையில் ஒரு படக்கடையில் வேலை செய்கிறேன். கல்யாண அல்பம், சாமத்தியவீட்டு அல்பம், விசாவுக்குச் சின்னப் படம் எல்லாம் செய்வோம். ஆனால் எல்லாவற்றையும்விட அதிகமாக வருவது செத்தவர்களின் படம். எண்பது வயதில் செத்தவருக்கு நாற்பது வயதுப் படத்தைக் கொண்டுவந்து தருவார்கள். சாறத்தோடு நிற்கும் மனுஷனுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் மாட்டிவிடச் சொல்வார்கள். மாட்டிவிடுவேன். ஊரில் ஒருநாளும் கோட் போடாத எத்தனையோ பேர் என் கையால் கோட்டோடு மோட்சம் போயிருக்கிறார்கள்.

ஒருநாள் லுத்மிலா கடைக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். பத்தொன்பது வயது மதிக்கத்தக்க பொடியன். பச்சைச் சீருடை, ஒட்ட வெட்டிய தலை, சிரிக்காத முகம். "என் மகன், அர்த்தியோம். பெரிதாக்கித் தருவீர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டார். கண் கலங்கியிருந்தது.

இதை வாசிக்கும் நீங்கள் என்ன நினைத்திருப்பீர்களோ அதைத்தான் நானும் நினைத்தேன். மகனின் சீருடைப் படத்தை ஒரு தாய் பெரிதாக்கக் கொண்டுவந்தால் எங்கள் ஆட்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். கேள்வி கேட்கக்கூடாது. கேட்டால் அந்த மனுஷி கடைக்குள்ளேயே உடைந்துபோகும். பின்னணியைத் துடைத்து இளநீல வானம் வைத்து, நல்ல சட்டம் போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. லுத்மிலா என்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார்.

சில நாள் கழித்து றெஜினா அவருடைய வீட்டுக்குள் போய்விட்டு வந்து கதவடியில் நின்றபடியே சொன்னாள். "இஞ்சருங்கோ, அந்தப் படத்தைச் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில வைச்சு, முன்னுக்குச் சின்னச் சிவப்பு விளக்கொண்டு கொழுத்தி வைச்சிருக்கிறா. பாவம் மனுஷி. எங்கட தம்பியின்ர வயசுதான் இருக்கும்."

எங்கள் வீட்டு விறாந்தையிலும் அப்படி ஒரு படம் இருக்கிறது. றெஜினாவின் ஒரே தம்பி, சீலன். ஊரில் நடந்த போரின் கடைசி மாதங்களில், இயக்கத்தில் இருந்து செத்தவன். உடலை யாரும் காணவில்லை. முகம் தெரியாத ஒருவர் தொலைபேசியில் சொன்னதுதான் எங்களுக்குக் கிடைத்த செய்தி. அதனால் றெஜினா பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி வேறெதுவும் விசாரிக்கவில்லை. தன் ஆள் ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டாள்.

2

அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு நவம்பரும், செத்தவர்களை நினைக்கும் மாதத்தில், லா சப்பல் மெத்ரோ வாசலில் நான்கு ரோஜா வாங்குவோம். இரண்டு சீலனுக்கு, இரண்டு லுத்மிலாவின் மகனுக்கு. ஒற்றைப் பூவை நீட்டினால் மனுஷி குறையாக நினைப்பார் என்பது றெஜினாவின் கணக்கு. லுத்மிலா பூவை வாங்கி, அவளுடைய கன்னத்தில் முத்தமிட்டு, ஒன்றை மகனின் படத்துக்கு முன் வைப்பார். மற்றதைக் குசினிக்குள், பாத்திரம் கழுவும் தொட்டியருகே கொண்டுபோய் ஒரு கிளாசில் வைத்துவிடுவார். வருஷா வருஷம் அப்படித்தான்.

"நான் அந்தப் பிள்ளைக்கெண்டு குடுக்கிறன், அவ ஒண்டைக் கொண்டுபோய்ச் சிங்குக்குப் பக்கத்தில வைக்கிறா" என்று றெஜினா குறைப்படுவாள்.

"அவவின்ர வீடு, அவவின்ர சிங். உனக்கென்ன?" என்பேன்.

கோடையில் லுத்மிலா இரண்டு கிழமை ரஷ்யாவுக்குப் போய்வருவார். திரும்பும்போது முகம் தெளிந்திருக்கும், எங்களுக்கு இனிப்புப் பெட்டியும் கொண்டுவருவார். "பிள்ளையின்ர குழியைப் பாத்துப்போட்டு வந்து எப்பிடிச் சிரிக்கிறா பாருங்கோ. எனக்கு அந்த மனத்தைரியம் இல்லை" என்று றெஜினா வியந்துபோவாள்.

பிறகு உக்ரைனில் போர் தொடங்கியது. அந்தக் கோடையில் லுத்மிலா எங்கும் போகவில்லை. நவம்பர் வந்ததும் றெஜினாவுக்கு மனம் பொறுக்கவில்லை. "இந்த முறை அவவுக்குக் கல்லறைக்கும் போக ஏலாமல் போச்சு" என்று சொல்லி, தேவாலயத்தின் தமிழ்ப் பூசையில் சீலனுக்கும் அர்த்தியோமுக்கும் சேர்த்து ஒப்புக்கொடுக்கச் சொல்லிப் பெயர் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை, இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும்போது, அந்தோனிப்பிள்ளைகளுக்கும் மரியதாஸ்களுக்கும் நடுவில் அர்த்தியோமும் வந்தான். வாசித்தவர் அந்தப் பெயரில் ஒருதரம் தடக்கிவிட்டுத்தான் மேலே போனார்.

பின்னேரம் மாடிப்படியடியில் லுத்மிலாவைக் கண்டோம். உன் மகனுக்குப் பூசை வைத்தோம் என்று றெஜினா பிரெஞ்சில் சொன்னாள். லுத்மிலா நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னார். நல்லது, அவனுக்கு வியாழக்கிழமை போட்டி இருக்கிறது என்றார்.

றெஜினா என்னைப் பார்த்தாள். "என்ன போட்டியாம்?"

"தெரியாது. சும்மா ஓம் எண்டு சொல்லிப்போட்டு வா."

அவள் அப்படி வருகிற ஆள் இல்லை. கையை மேலே காட்டி, அங்கே, வானத்தில், அவனுடைய ஆன்மாவுக்காக என்று விளக்கினாள். லுத்மிலா முதலில் படிக்கட்டு மின்குமிழைத்தான் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவருக்கு விளங்கியது. கைத்தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். சிறிது நேரம் அடித்தது. திரையில் ஈரத்தலையோடு, கழுத்தில் துவாயோடு ஒரு இளந்தாரி வந்தான். வாயில் எதையோ போட்டுச் சப்பிக்கொண்டிருந்தான். நான் இளநீல வானத்துக்கு முன் வைத்த அதே முகம். தாய் ரஷ்ய மொழியில் ஏதோ சொல்லித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அவன் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு "பொங்ஜூர்" என்றான்.

றெஜினா படியில் குந்திவிட்டாள். நான் ஏதோ ஒரு மரியாதைக்கு நானும் பொங்ஜூர் என்றேன்.

உயிரோடு இருப்பவனை இறந்தவர்களோடு சேர்த்துப் பிரார்த்தித்தால் தங்கள் பக்கத்தில் அது சாபம் என்று லுத்மிலா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். பிறகு கதவைச் சாத்தினார். அந்த வருஷம் முடியும்வரை எங்களோடு பேசவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் றெஜினா அழுதாள். "பொடியன் உயிரோட இருக்கிறான், சந்தோஷப்பட வேண்டிய விசயம்தானே" என்றேன்.

"சந்தோஷம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. இவ்வளவு நாளும் நானும் அவவும் ஒண்டு எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். இனி நான் மட்டும்தான்."

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

3

ஜனவரியில்தான் அவர்களுடைய கிறிஸ்து பிறப்பு, நத்தார், வரும். அன்று லுத்மிலா முட்டைக்கோஸ் வைத்துச் சுட்ட ஒரு பெரிய பணியாரத்தோடு வந்து மணியடித்தார். சமாதானம் பேச வந்த இடத்தில் பூக்கதையும் வெளிவந்தது. அவர்கள் ஊரில் இரட்டைப்படையில் பூக் கொடுப்பது செத்தவர்களுக்கு மட்டும்தானாம். உயிரோடிருப்பவர்களுக்கு ஒன்று, மூன்று என்று ஒற்றைப்படையில்தான் கொடுக்க வேண்டுமாம். நீங்கள் வேறு நாட்டுக்காரர், தெரியாமல் செய்கிறீர்கள் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் ஒன்றை எடுத்துக் குசினியில் வைத்தேன் என்றார். றெஜினா தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். அதற்குப் பிறகு வந்த இரண்டு நவம்பரும் அந்த வீட்டுக்குப் பூ வாங்கவே பயந்தாள்.

அன்றுதான் அவன் நீச்சல்வீரன் என்பதும் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் மகள் லியா பக்கத்திலிருந்து பிரெஞ்சைத் துப்புரவாக்கித் தந்தாள். லியாவுக்கு இப்போது பதினேழு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள்; அன்றிலிருந்து லுத்மிலாவோடு எங்களைவிடக் கூடப் பேசுகிறாள். கைத்தொலைபேசியில் அவனுடைய பெயரைத் தட்டி, அவன் நீந்திய போட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள்.

சீட்டுக் கொடுக்கும் கூண்டுக்குள் பிள்ளையை வைத்திருக்க இடமில்லாததால் லுத்மிலா அவனைக் குளத்துக்குள் விட்டிருக்கிறார். அப்படித் தொடங்கியதுதான். தவளை நீச்சலில் இருநூறு மீற்றர் அவனுடைய போட்டி. பதினாலு வயதில் விளையாட்டு விடுதிப் பாடசாலைக்கு எடுத்தார்கள். பத்தொன்பதில் இராணுவத்தின் விளையாட்டுக் கழகம் எடுத்தது. எங்கள் ஊரில் நன்றாக ஓடுகிறவனைப் பொலிசிலோ வங்கியிலோ சேர்ப்பார்கள் அல்லவா, அதுபோல. சம்பளம், சாப்பாடு, வைத்தியர், பயிற்சிக்குக் குளம் எல்லாம் கிடைக்கும். இராணுவ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் ஒரு பதவியும் தருவார்கள். அந்தச் சீருடையை அவன் படம் எடுப்பதற்காகத்தான் முதன்முதலில் போட்டானாம். பெருமையில் கண் கலங்கித்தான் லுத்மிலா அதை என் கடைக்குக் கொண்டுவந்திருக்கிறார். சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் விளக்கு வைத்தது அவனைக் காக்கச் சொல்லித்தானாம்.

அவன் தேசியப் போட்டியில் முன்னுக்கு வந்து நாட்டு அணிக்குள் நுழையும் நேரத்தில் போர் வந்தது. வெளிநாட்டுப் போட்டிகளின் கதவு அவர்களுக்கு மூடியது. இங்கே லுத்மிலா போர் வேண்டாம் என்று எழுதிய அட்டையோடு பாரிஸ் நடுவில் நின்றார். யாரோ எடுத்த படம் இணையத்தில் போனது. மகன் தொலைபேசியில், "அம்மா, இங்கே வராதே" என்று மட்டும் சொன்னான். அவனுடைய கடவுச்சீட்டைக் கழகம் வாங்கி வைத்துக்கொண்டது. தாய் அங்கே போக முடியாது, மகன் வெளியே வர முடியாது.

லுத்மிலாவும் எங்களைப்போல அகதியானார். வதிவிட அனுமதி கொடுக்கும் பிரிஃபெக்சூர் வரிசையில் ஒருநாள் முன்னும் பின்னுமாக நின்றோம். அங்கே போக இணையத்தில் நேரம் குறித்து எடுப்பதற்கே லியா மாதக்கணக்கில் மினக்கெட்டாள். எந்த நாளைத் தட்டினாலும் இடமில்லை என்றுதான் வரும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் எங்கள் இருவரின் அகதிப் பயணப் புத்தகங்களையும் ஒரே மாதிரிப் புரட்டினார். என்னுடையதில் இலங்கை தவிர எல்லா நாடுகளுக்கும் என்று இருக்கும். அவருடையதில் ரஷ்யா தவிர. என் அம்மாவின் செத்தவீட்டை நான் இந்தப் புத்தகத்தோடு பியர்ஃபித்தில் இருந்து கைத்தொலைபேசியில்தான் பார்த்தேன். அதை அவருக்குச் சொன்னேன். அவர் என் தோளில் தட்டினார்.

பிறகு பாரிஸ் ஒலிம்பிக் வந்தது. கொடியில்லாமல், தனி ஆளாக வர விரும்பும் ரஷ்ய வீரர்களில் சிலருக்கு இடமுண்டு என்று லியா வாசித்துச் சொன்னாள். இராணுவக் கழகத்தில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. நீச்சல் போட்டி நடந்த இடத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் போய்விடலாம்.

"கழகத்தை விட்டுப்போட்டு வரலாம்தானே?" என்று றெஜினா கேட்டாள். லியா அதைப் பிரெஞ்சில் சொன்னாள்.

லுத்மிலா எங்களைச் சின்னப்பிள்ளைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கழகத்தை விட்டால் அவன் நீச்சல்வீரன் இல்லை, வெறும் படையாள். போட்ட கையெழுத்து அப்படியே இருக்கும். முதல் எட்டுப் பேருக்குள் நிற்கும்வரைதான் கழகம் வைத்திருக்கும். தண்ணீரில் இருக்கும்வரை அவனைச் சண்டை நடக்கும் முன்னரங்குக்கு அனுப்ப மாட்டார்கள். அவன் இங்கே வராமல் இருப்பதுதான் எனக்கு வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் அவனுடைய போட்டிகளைப் பார்த்த விதமே மாறிவிட்டது. முதலாவது வந்தானா, பதக்கமா என்று ஒருவரும் கேட்பதில்லை. எட்டுக்குள் வந்தானா என்றுதான் கேட்போம். ஏழாவது என்றால் றெஜினா சிலுவை போடுவாள். சமையல் நடுவில், "என்ர பூசையாலதான் அவனுக்கு ஏதும் வருமோ?" என்று திடீரென்று கேட்பாள். அதெல்லாம் இல்லை என்பேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

4

போன வசந்தத்தில் அவனுக்கு முழங்கால் கோளாறு. தவளை நீச்சல்காரருக்குக் கடைசியில் முழங்கால்தான் துரோகம் செய்யும் என்றார் லுத்மிலா. தேசியப் போட்டியில் இறுதிக்கு எட்டுப் பேரைத் தேர்ந்தெடுக்கும் சுற்று ஒரு திங்கட்கிழமை நடந்தது. எங்கள் கடைக்கு அன்று லீவு, லியாவுக்கும் விடுமுறை. எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்து பார்த்தோம். லியா எங்கெங்கோ சுற்றி அந்த ஒளிபரப்பைப் பிடித்துத் தந்தாள்.

அவன் சுவரோரத் தடத்தில் நின்றான். கமரா நடுவில் போகிறவர்களைத்தான் காட்டியது. ஓரத்தில் ஒரு தொப்பி எழும்பித் தாழ்வது மட்டும் இடைக்கிடை தெரிந்தது. லுத்மிலா றெஜினாவின் கையைப் பிடித்திருந்தார். பாதித்தூரத்தில், "அவன் காலுக்குப் பயந்து உதைக்கிறான்" என்றார். எங்களுக்கு அது எங்கே தெரிகிறது. பிறகு எல்லோரும் சுவரைத் தொட்டார்கள். எல்லாப் பிரிவுகளையும் சேர்த்த பெயர்ப் பட்டியல் ரஷ்ய எழுத்தில் வந்தது. லுத்மிலா அதைப் பார்க்கவில்லை, லியாவின் முகத்தைப் பார்த்தார். லியா அவன் பெயர்வரை எண்ணிக்கொண்டு போய், ஒன்பதாவது என்று பிரெஞ்சில் சொன்னாள். நாடு முழுவதிலும் ஒன்பதாவது என்றால் நல்லதுதானே என்று உற்சாகமாகவும் சொன்னாள்.

லுத்மிலா அவளுடைய தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார்.

நான் என்ன பிழையாகச் சொன்னேன் என்று லியா கேட்டாள். அன்று லுத்மிலா சொன்னதைப் பிரெஞ்சுக்கு மாற்றித் தந்தவளே அவள்தான். இருந்தும் அது அவளுக்குள் இறங்கியிருக்கவில்லை.

"எட்டுக்குள்ள நிண்டால் தண்ணி. இல்லாட்டிச் சண்டைக்குப் போகோணும். உனக்கு அது விளங்கேல்லையே?" என்றாள் றெஜினா.

லியா கணினியை மூடினாள். விறாந்தையில் இருந்த சீலனின் படத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "மாமாவும் ஏதும் விளையாடினவரா?" என்று கேட்டாள். அதைத் தமிழில் கேட்டாள்.

"வொலிபோல்" என்று றெஜினா சொல்லிவிட்டு எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். நடக்கத் தொடங்கியதிலிருந்து அந்தப் படத்துக்குக் கீழே செருப்புக் கழற்றி வளர்ந்த பிள்ளை முதன்முதலாக அவனைப் பற்றிக் கேட்டிருக்கிறது, ஒரு சொல்லோடு முடித்துவிட்டோம். பிள்ளைகள் எங்களை விட்டு விலகிப் போகிறார்கள் என்று லா சப்பலில் நின்று தேத்தண்ணிக்குத் தேத்தண்ணி நாங்கள் குறைப்படுகிறோம். அன்றைக்கு விலகியது பிள்ளையல்ல. நான் அவனைப் பற்றி இன்னும் இரண்டு கதை சொல்லியிருக்கலாம், எனக்கும் வாய் வரவில்லை. லியா தன் அறைக்குள் போனாள்.

5

கோடையில் கழகம் அவனை விட்டுவிட்டது. கொஞ்சநாள் ஒரு இராணுவ முகாமில் இருந்தான். அங்கே குளம் இல்லை என்றான். ஒவ்வொரு பின்னேரமும் ஆறு மணிக்குப் பிறகு லுத்மிலா எங்கள் வீட்டுக்கு வந்து கைத்தொலைபேசியை மேசையில் வைத்துக்கொண்டு இருப்பார். அவன் எடுத்தால் எழுந்து ஜன்னலடிக்குப் போவார். எடுக்காவிட்டால் றெஜினாவோடு வெங்காயம் உரிப்பார். இருவருக்கும் பேச மொழி போதாது. இருந்தாலும் தன் வீட்டில் தனியே இருப்பதைவிட இது பரவாயில்லை போலும்.

அக்டோபரில் கிழமைக் கணக்கில் அழைப்பு வரவில்லை. அப்போது லுத்மிலா வெங்காயமும் உரிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை றெஜினா மெத்ரோ வாசலில் ஐந்து ரோஜா வாங்கினாள். எண்ணி, பிறகு இன்னொருதரம் எண்ணினாள். சீலனுக்கு இரண்டை வைத்துவிட்டு மூன்றை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கதவைத் தட்டப் போனாள். தட்டுவதற்கு முன்னரே லுத்மிலா கதவைத் திறந்தார். முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்ததை நான் பல மாதமாகக் காணவில்லை. பூவை வாங்கி, மூன்றையும் படத்துக்கு முன் வைத்துவிட்டு, எங்கள் வீட்டுக்குள் வந்து இருந்தார்.

மகன் எடுத்தானாம். முன்னரங்கப் பக்கம்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆனால் அவன் சண்டையில் இல்லை, பின்னுக்கு, வெகுதூரம் பின்னுக்கு, படையாட்களுக்குச் சமைக்கிற இடத்தில் விட்டிருக்கிறார்களாம். நாள் முழுக்க உருளைக்கிழங்கு உரிக்கிறானாம். அவனுக்கு முட்டை பொரிக்கவும் தெரியாது, அந்தப் படை பட்டினிதான் என்று லுத்மிலா சொல்லிச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

லியா அதை அப்படியே எங்களுக்குச் சொன்னாள். அவளும் சிரித்தாள்.

நல்லது, மிகவும் நல்லது என்று றெஜினா பிரெஞ்சில் இரண்டு மூன்று தரம் சொன்னாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். சீனி போதுமா என்று கேட்டாள். லுத்மிலா எழும்பியபோது வாசல்வரை கூடப்போய், கன்னத்தில் முத்தமிட்டு, நாளைக்கும் வரச் சொன்னாள்.

கதவைச் சாத்திவிட்டு அதன் பிடியில் கையை வைத்தபடியே நின்றாள். லியா உள்ளே போகும்வரை பொறுத்திருந்து, என்னைத் திரும்பிப் பாராமல் சொன்னாள்.

"தம்பியும் கடைசியா எடுக்கேக்க, நான் குசினியிலதான் நிக்கிறன் அக்கா, பயப்பிடாதை எண்டுதான் சொன்னவன்."